தங்கபுஷ்பம் டீச்சரின் களவாணி

போன மாதம் ஒரு காலையில், முன்பின் பார்த்திராத ஓர் ஆள் என் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினார். "டீச்சர் தவறிட்டாங்க அண்ணாச்சி. உங்களுக்குத் தகவல் சொல்லச் சொன்னாங்க" என்றார்.

எனக்கு டீச்சர் என்றால் ஒரே ஒருவர்தான். ஆனாலும் அவர் பேரை நான் எடுத்துக் கொடுக்கவில்லை. "எந்த டீச்சர்?" என்று கேட்டேன். "நம்ம டீச்சர்தான்" என்றார். "நம்ம டீச்சர்னா யாரு?" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்த நேரத்தில் என் மனது வேண்டிக்கொண்டது இதுதான்: இந்த ஆள் ஓர் ஏமாற்றுக்காரனாக இருக்கட்டும். அடுத்ததாக வண்டி வாடகைக்கு, மாலைக்கு என்று காசு கேட்கட்டும். கேட்டால் இவனைக் கட்டிப்பிடித்து, உட்காரவைத்து, காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்புவேன்.

"தங்கபுஷ்பம் டீச்சர். கடம்பூர்ல அவங்க தம்பி வீட்டுல வச்சு. சாயங்காலம் அடக்கம்" என்றார். காசு கேட்கவில்லை. அடுத்த ஊருக்குச் சொல்லவேண்டும் என்று சைக்கிளை மிதித்துப் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்துப் பள்ளிக்கூடத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். பெரிய பெரிய ஆட்கள் பேசினார்கள். டீச்சரின் ஒழுக்கம், கணக்குப் பாடம், ஜெபக் கூட்டத்தில் அவர் பாடிய குரல் எல்லாம் வந்தது. ஒருவர், "யாரோ ஒரு நாடகக்காரரைக்கூட வகுப்புக்கு அழைத்து வந்து, ஏமாறாமல் இருக்கப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார்" என்று சொன்னார். அந்த 'யாரோ' கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு வார்த்தை பேசுங்கள் என்று என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. அதனால் எழுதுகிறேன். அவரிடம் படித்த நீங்கள் இதை வாசிப்பீர்கள் என்று நம்புகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. மீதியை நானே படித்துக்கொண்டேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளச் சொல்லமாட்டேன். திருத்திக்கொண்டு வாசியுங்கள்.

நான் கோவில்பட்டியில் ஒரு பருத்திக் கமிஷன் கடையில் எடை போடுகிறவனாக இருந்தேன். கொடை, திருவிழா என்றால் ஊர் நாடகத்தில் வேஷம் கட்டுவேன். ராஜா வேஷத்துக்கு என் முகம் தோதுப்படாது என்று சொல்லி, எப்போதும் களவாணி வேஷம்தான் கொடுப்பார்கள்.

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் என்று நினைக்கிறேன். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ஒருவன் புகுந்து புறப்பட்டான். கோவில்பட்டி ஆஸ்டலில் தங்கிப் படிக்கிற பிள்ளைகளின் வீடாகப் பார்த்துப் போவான். பள்ளிக்கூடத்திலிருந்து வருவதாகச் சொல்வான். உங்கள் பிள்ளைக்கு அடிபட்டுவிட்டது, மாவுக்கட்டுப் போடப் பணம் வேண்டும் என்பான். அவன் ஏமாற்றிய வீடுகளில் என் அண்ணன் வீடும் ஒன்று. விதைப்புக்கு வைத்திருந்த பணத்தை மதினி அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டாள். பிறகு அழுதுகொண்டே ஆஸ்டலுக்கு ஓடினால், பையன் கையில் ஹாக்கி மட்டையோடு நிற்கிறான்.

இதைக் கேள்விப்பட்டு டீச்சர் மதினியைப் பார்க்க வந்தார். நானும் அங்கே இருந்தேன். வெள்ளைச் சேலை, குடை, செருப்பெல்லாம் கரிசல் மண். வந்து உட்கார்ந்ததும் ஆறுதல் சொல்லவில்லை. நடந்ததை ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"அவரு எல்லாத்தையும் டாண்ணு சொன்னாரு டீச்சர். பேரு, வகுப்பு எல்லாம். தெரியாத ஆளா இருந்தா எப்பிடிச் சொல்லுவாரு?" என்றாள் மதினி.

"வந்ததும் மொதல்ல என்ன சொன்னாரு?"

"'பள்ளிக்கூடத்தில இருந்து வாரேம்மா, கொஞ்சம் நீள்ளு குடுங்க'ன்னாரு." எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். தண்ணீரை நீள்ளு என்போம். வாசலில் மதினி யாரிடமோ பேசியதைக் கேட்டுவிட்டு அவன் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

"பெறவு?"

"'பயப்படாதீங்க, பையனுக்கு ஒண்ணுமில்ல'ன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'அய்யோ, எங்க சீனிக்கு என்ன ஆச்சு?'ன்னேன்."

"அவரு?"

"'சீனிக்குக் கால்ல அடி'ன்னாரு. நான், 'ஹாக்கி மட்டையத் தொடாதலேன்னு சொல்லித்தான விட்டேன், ஏழாப்புப் படிக்கிற பயலுக்கு என்ன வெளாட்டு'ன்னேன். அவரு, 'ஆமாம்மா, ஹாக்கிலதான், ஏழாப்புப் பயலுவ சேந்து...'" மதினி பாதியில் நின்றாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நானேல்லா டீச்சர் எல்லாத்தையும் சொல்லிருக்கேன்!"

எனக்குக் கோபம் வந்தது. பணத்தைப் பறிகொடுத்தவளை இப்படிச் சபையில் நிறுத்தலாமா? எங்கள் பக்கத்தில் வாசலில் வந்து நிற்கிறவனை 'நீ யாரு' என்று மொட்டையாகக் கேட்கமாட்டோம். அது அவமரியாதை. 'நீங்க இன்னார் மகன்தான? இன்ன ஊருதான?' என்று நாமே ஓர் உறவுமுறை வைத்துத்தான் கேட்போம். வந்தவன் ஆமாம் என்றால் போதும். இதைத்தான் டீச்சரிடம் சொன்னேன். "வீட்டுக்கு வந்தவனை நீ யாருன்னு கேக்கச் சொல்லுதீங்களா? அது போலீஸ் ஸ்டேஷன்ல கேக்கறது" என்றேன்.

"கேளுங்க அண்ணாச்சி. மரியாதையாவே கேளுங்க. ஆனா பதிலையும் நீங்களே சொல்லிப்போடாதீங்க" என்றார் டீச்சர். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தார். "போன கொடைக்குக் களவாணி வேஷம் கட்டுனது நீங்கதான?" என்றார்.

இப்படித்தான் நான் அவர் வகுப்புக்குப் போனேன். யாருக்கும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கணக்கு வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது துண்டால் முகத்தைத் துடைத்தபடி வாசலில் நின்று, "டீச்சரம்மா, நம்ம புள்ளையப் பாக்கணும். சித்தப்பா வந்திருக்கேன்" என்றேன். எந்தப் பிள்ளை என்று சொல்லவில்லை. மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்து, "பம்பாய்ச் சித்தப்பாவா?" என்றது. "ஆமா தாயி, பம்பாயிலிருந்துதான் நேரா வாரேன்" என்றேன். கொஞ்ச நேரத்தில் அதன் பெயர், அப்பா பெயர், தீப்பெட்டி ஆபீசில் அம்மா வேலை பார்ப்பது, பெட்டியில் பரீட்சைப் பணம் இருப்பது எல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பிள்ளை பணத்தை எடுக்கவே புறப்பட்டுவிட்டது.

டீச்சர் மறித்து, "பொய் சொன்னது யாரு?" என்று வகுப்பைக் கேட்டார். எல்லா விரலும் என்னைக் காட்டியது.

"அவிய சொன்னது சித்தப்பாங்கிற ஒரே ஒரு பொய். மிச்சத்தையெல்லாம் நாமதான் குடுத்தோம்" என்றார்.

அதற்குப் பிறகு வியாழக்கிழமைதோறும் நான் அவருடைய களவாணி. ஒரு வாரம் மின்சார ஆபீஸ்காரன். ஒரு வாரம் பட்டாளத்து அண்ணனின் கூட்டாளி. ஒரு வாரம் வறட்சி நிவாரணம் வாங்கித் தருகிற அதிகாரி. மூன்று மணிக்கு எடையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு நடந்தே போவேன். வகுப்புக்கு முன்னால் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் நின்று, இன்றைக்கு என்ன பொய் சொல்லலாம் என்று இரண்டு பேரும் யோசிப்போம். எங்கே திரும்பினாலும் உண்மையையே பேசவேண்டும் என்கிற அந்தப் பெண்மணிக்கு, பொய்க்கு யோசனை சொல்லும்போது கண்ணில் ஒரு குறும்பு வரும். "அண்ணாச்சி, கொஞ்சம் அவசரப்படுத்துங்க. பஸ்ஸு நிக்குன்னு சொல்லுங்க" என்பார். வகுப்பில், "அவசரம் அவனுக்குத்தான். ஒனக்கு இல்ல" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். இப்போதும் வியாழக்கிழமை மூன்று மணிக்குக் கால் தன்னால் செருப்பைத் தேடுகிறது.

நான் பட்ட அவமானங்களை இரங்கல் கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை. சந்தையில் போனால் பிள்ளைகள், "ஏலே, டீச்சரோட களவாணி போறாருடோய்!" என்று கத்தும். இடைசெவலுக்குப் பருத்தி பார்க்கப் போன இடத்தில் ஒரு பெண்பிள்ளை என்னை வெயிலில் நிறுத்திவைத்து, "எந்தக் கடை? மொதலாளி யாரு? எங்க அய்யா பேரு என்ன? நீங்களே சொல்லுங்க" என்று விசாரித்தது. அதன் அப்பா ஓடி வந்து, "ஏட்டி, வாய மூடுட்டி! நம்ம அண்ணாச்சி" என்று தலையில் ஒரு போடு போட்டார். நான் நேராக டீச்சரிடம் போய் முறையிட்டேன். அவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அந்தப் பிள்ளையை மறுநாள் வகுப்பில் எழுப்பி எல்லாரையும் கைதட்டச் சொன்னார். எனக்கு யாரும் கைதட்டவில்லை.

இவ்வளவும் நல்லபடியாக நடந்தது. அடுத்ததையும் சொல்லவேண்டும். இதைச் சொல்லாமல் டீச்சரைப் பற்றி எழுதினால் அது பாதி டீச்சர்தான்.

பேச்சியம்மாள் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் ஒரு கிராமம். கெட்டிக்காரி. என்னை ஒருமுறைகூட வகுப்பில் தப்பவிடாதவள். டீச்சர் பரீட்சைத் தாள் திருத்தத் திருநெல்வேலிக்குப் போயிருந்த நாளில், ஆஸ்டல் வாசலுக்கு ஒரு இளம்பெண் வந்து நின்றாள். "நான் ஒன் சித்தி தாயி. ஒங்க அய்யாவுக்குப் பருத்திமாறு ஏத்துன வண்டி கவுந்து அடிபட்டுப்போச்சு. தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்காக. ஒன்னைக் கேக்காக. வா. கையில துட்டு எதும் இருந்தா எடுத்துக்க, பஸ்ஸுக்கு ஆவும்" என்றாள்.

சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆனபோது பேச்சியம்மாளுக்குப் பரீட்சை. சித்தியை அவள் பார்த்ததில்லை. பாடத்தில் சொன்னபடியே எதையும் எடுத்துக் கொடுக்காமல் கேட்டாள்: "எங்க அய்யா பேரு என்ன?"

அந்தப் பெண் திகைத்தாள். "அவுக பேர நான் எப்பிடித் தாயி சொல்லுவேன்?"

"சித்தப்பா பேரு?"

அதையும் அவள் சொல்லவில்லை. கட்டினவன் பேரையும் அவனுக்கு மூத்தவன் பேரையும் எங்கள் பக்கத்துப் பெண்கள் உயிர் போனாலும் சொல்லமாட்டார்கள். பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு விரலைக் கடித்தபடி நின்றாள். களவாணி முழிக்கிற முழி என்று பேச்சியம்மாள் நினைத்தாள். "பேரு தெரியாதவிய கூட நான் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். வாட்ச்மேன் அந்தப் பெண்ணை விரட்டினார்.

அவளுடைய அய்யா அன்று சாயங்காலம், மகளைக் கேட்டுக்கொண்டே போய்விட்டார்.

திருநெல்வேலியிலிருந்து திரும்பிய டீச்சர் நேராக என் கடைக்கு வந்தார். பருத்தித் தாட்டு மூட்டையின் மேல் உட்கார்ந்தார். முதலாளி சோடா வாங்கிக் கொடுத்தார். குடிக்கவில்லை. "என் கூட வருவீங்களா அண்ணாச்சி?" என்றார். போனோம்.

துக்க வீட்டில் பேச்சியம்மாள் ஒரு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். டீச்சரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் அம்மா, "படிக்க வச்ச படிப்பு எம்மவள வாசலடைக்கப் படிச்சுக் குடுத்திருச்சே" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். டீச்சர் தலைகுனிந்து நின்றார். அப்போது அந்தச் சித்தி, சண்முகத்தாய் என்று பேர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "டீச்சரம்மாவை ஒண்ணும் சொல்லாதீக. என் மேலதான் தப்பு. பேரைச் சொல்லியிருந்தா அவ வந்திருப்பா. தொண்டை வரைக்கும் வந்துச்சு, வாய்க்கு வரலையே" என்று அழுதாள்.

டீச்சர் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஒங்க வாயில தப்பு இல்ல தாயி. என் பாடத்துல தப்பு" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் எங்களுக்குள் முதல் பெரிய சண்டை. உங்கள் பாடத்தில் ஒரு தப்பும் இல்லை என்றேன். தப்பு அந்த வழக்கத்தில் இருக்கிறது. புருஷன் பேரைச் சொன்னால் ஆயுள் குறையும் என்று எந்த மடையன் சொன்னான்? இன்றைக்கு ஓர் ஆயுள் பேரைச் சொல்லாததால் அல்லவா மகளைப் பார்க்காமல் போயிற்று? டீச்சர் ஜன்னலுக்கு வெளியே காய்ந்த கம்பங்காட்டைப் பார்த்துக்கொண்டே, "வழக்கம் மாறுறதுக்குள்ள எத்தனை அய்யாமாரு போவாங்க அண்ணாச்சி? ஊரு எப்பிடி இருக்குன்னு பாக்காம நான் பாடம் வச்சேன். களவாணிக்கு எல்லாப் பேரும் தெரியும். சொந்தக்காரிக்குத்தான் சொல்ல வராது. இதை நான் யோசிக்கல பாத்தீங்களா?" என்றார்.

வியாழக்கிழமை வகுப்பு நின்றுபோனது. எனக்கு அதில் மனத்தாங்கல். மூன்று மணிக்கு வேண்டுமென்றே தராசுப் பக்கம் போய் நிற்பேன். பேச்சியம்மாள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவே இல்லை. தீப்பெட்டிக் கட்டு ஒட்ட உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி அந்தக் கிராமத்துக்குப் போனார். முதலில் வாசலில் உட்காரவைத்தார்கள். பிறகு உள்ளே. படிக்க வா என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லையாம். கூட உட்கார்ந்து கட்டு ஒட்டினாராம். அவர் ஒட்டியது கோணலாக இருக்கும் என்று பேச்சியம்மாள் பிறகு சொன்னாள்.

ஒரு சனிக்கிழமை டீச்சர் அவளிடம் கேட்டிருக்கிறார்: "ஏட்டி, அன்னைக்கு ஒன் வாசல்ல வந்தது சித்தியா களவாணியான்னு எப்பிடிக் கண்டுபிடிச்சிருக்கணும்? எனக்குத் தெரியல. நீ சொல்லு."

பேச்சியம்மாள் அடுத்த சனிக்கிழமைவரை யோசித்திருக்கிறாள். பிறகு சொன்னாள்: "பேரு கேக்கக்கூடாது டீச்சர். போவாதன்னும் சொல்லக்கூடாது. பணத்தை இங்கன வச்சிட்டு, ஆஸ்டல் அக்கா ஒருத்தியக் கூட்டிக்கிட்டு, வாங்க போவோம்னு பொறப்பட்டிருக்கணும். சித்தின்னா கூட்டிட்டுப் போவா. களவாணின்னா ஓடிப்போவான்."

"இதை நீயே வந்து அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லுதியா?" என்று டீச்சர் கேட்டார். அதற்காகத்தான் அவள் கோவில்பட்டிக்கு பஸ் ஏறினாள்.

அந்த வியாழக்கிழமை வகுப்பில் இருந்தவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். டீச்சர் எனக்கு ஆள் அனுப்பியிருந்தார். போனால், எனக்குப் பக்கத்தில் சண்முகத்தாயும் நிற்கிறாள். இரண்டு பேரும் பேச்சியம்மாளைக் கூப்பிட வந்த சொந்தக்காரர்கள் என்று பாடம். பிள்ளைகள் கேட்ட பேரையெல்லாம் நான் மடமடவென்று சொன்னேன். சண்முகத்தாயிடம் கேட்டபோது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "எனக்குச் சொல்ல வராது பிள்ளைகளா" என்றாள். யார் உண்மையான சொந்தம் என்று டீச்சர் கேட்டார். என்னைத் தெரிந்த பிள்ளைகள்கூட, பாடம் சொன்ன கணக்குப்படி என் பக்கமே கை தூக்கின.

அப்போது பேச்சியம்மாள் எழுந்தாள். "நான் வாரேன். பணம் இங்கனயே இருக்கட்டும். டீச்சரும் கூட வருவாங்க. போவமா?" என்றாள்.

எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தபடி, "டீச்சருக்கு எதுக்கும்மா செரமம்? பஸ்ஸு நிக்கி. பணத்தை மட்டும் குடு, நான் போய் ஆஸ்பத்திரியில கட்டிருதேன்" என்றேன்.

சண்முகத்தாய்க்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் இரண்டு கையையும் நீட்டி, "வா தாயி. எல்லாரும் வாங்க. வா" என்றாள். பேச்சியம்மாள் வரிசையைத் தாண்டி ஓடிப்போய் அவள் மேல் விழுந்தாள். அன்றைக்குத்தான் அந்தப் பிள்ளை தன் அய்யாவுக்கு அழுதது.

நான் எத்தனையோ மேடையில் நின்றிருக்கிறேன். அன்று என் வேஷத்தைக் கலைத்துக்கொள்ளத் தெரியாமல் சுவரோரம் போய் நின்றேன்.

பேச்சியம்மாள் ஆஸ்டலுக்குத் திரும்பினாள். வியாழக்கிழமை வகுப்பும் மறுபடி நடந்தது. படித்து முடித்தாள். இப்போது அவளும் ஒரு டீச்சர். "ஒன்னைக் கூப்பிடுறவன் சொந்தக்காரன். ஒன் பணத்தைக் கூப்பிடுறவன் களவாணி" என்று நீங்கள் எல்லோரும் தங்கபுஷ்பம் டீச்சர் சொன்னதாகச் சொல்லித் திரிகிற வாக்கியம் அந்தப் பிள்ளை கண்டுபிடித்தது. டீச்சரே ஒவ்வொரு வகுப்பிலும், 'இது பேச்சியம்மாள் சொன்னது' என்று சொல்லித்தான் ஆரம்பிப்பார். இரங்கல் கூட்டத்தில் அதையும் ஒருவர் டீச்சர் பேரில் மாற்றிச் சொன்னார்.

எங்கள் சண்டை மட்டும் தீரவில்லை. வருஷாவருஷம் அந்தப் பிள்ளையின் அய்யா இறந்த நாளில் டீச்சர் அந்தக் கிராமத்துக்குப் போய்வருவார். நானும் கூடப் போவேன். ஒவ்வொரு முறையும் பஸ்ஸில், "உங்க மேல தப்பு இல்ல டீச்சர்" என்பேன். ஒருமுறை அவர் சொன்னார்: "நீங்க சொல்லுதது எனக்கு ரொம்ப ஆறுதலா இருக்கு அண்ணாச்சி. அதனாலதான் நம்ப மாட்டேங்கேன். ஆறுதலா இருக்குங்கிறதுக்காக ஒண்ணை நம்பலாமா?" நான் கோபித்துக்கொண்டு வேறு சீட்டில் போய் உட்கார்ந்தேன். கோவில்பட்டி வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. இறங்கும்போது என் துண்டை எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான் எங்கள் சமாதானம்.

அடக்கத்தன்று கடம்பூர்க் கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் போன பிறகு பேச்சியம்மாள் என் பக்கத்தில் வந்து நின்றாள். "எனக்கு டீச்சர் மேல ஒருநாளும் கோவம் இருந்ததில்ல மாமா" என்றாள்.

"இதை அவங்ககிட்டச் சொன்னியா?"

"வருசாவருசம் சொன்னேன். தலைய ஆட்டிக்கிட்டுச் சிரிப்பாங்க. நம்பல."

டீச்சரிடமிருந்து எனக்கு என்ன இருக்கிறது என்று கேட்டால், போட்டோ இல்லை, பொருள் இல்லை. அவர் ஒப்புக்கொள்ளாத அந்த ஒரு வாக்கியம் இருக்கிறது. அதை நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை. உங்கள் மேல் தப்பு இல்லை, டீச்சர். இனி இதை மறுத்துப் பேச ஆள் இல்லை. அப்படியானால் நான் ஜெயித்துவிட்டேன் என்றுதானே அர்த்தம்? ஜெயித்தவனுக்குப் பஸ்ஸில் பக்கத்து சீட்டு இப்படிக் காலியாகக் கிடக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.